யானை, எலி, குடை

மார்ச் 11, செவ்வாய்.

இன்று தெரிந்த தவறு: எழுத்துருவைத் தப்பான கணினியில் போட்டிருக்கிறேன். போட்டது சனிக்கிழமை, தெரிந்தது இன்று. இடையில் அண்ணியிடம் "நாளைக்குச் சரியாயிடும்" என்று இரண்டு தடவை சொன்னேன். அதையும் சேர்த்தால் தவறு மூன்று.

எழுதி முடித்துவிட்டு அவள் அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். பொய் சொன்னால்தான் தவறு, தெரியாமல் சொன்னால் தவறாகுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. "மூன்று" என்பதை அடித்து "இரண்டரை" என்று எழுதினாள். பிறகு அதையும் அடித்து மூன்று என்றே வைத்தாள். அவள் குணம் அப்படி. தப்பு செய்தால் கூட அதற்கு ரசீது வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்பிராய்டரி கூடத்தில் அவளுக்கு நோட்டு என்று பெயர். மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும். எந்தத் துணிக்கு எத்தனை சுற்று இறுக்கினாள், எந்த ஊசி எப்போது முறிந்தது, எல்லாம் அதில் ஏறிவிடும். பகலில் அவள் வேலை தொப்பிகளையும் சட்டைகளையும் ஃப்ரேமில் இறுக்கி மாட்டுவது. மாலையில் ஆறு மணிக்கு, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் கணினி வகுப்பு. அங்கே நல்ல நாற்காலி நான்கே நான்கு என்பதால் ஐந்தே முக்காலுக்கே போய்விடுவாள்.

அவள் மாட்டிக் கொடுக்கும் ஃப்ரேமை வாங்கி எந்திரத்தில் ஏற்றுகிறவள் அவளுடைய அண்ணி. அண்ணன் மனைவி என்பதால் அவளுக்கு அண்ணி. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது கூடத்தில் இருக்கிற பதினோரு பேருக்கும் அண்ணிதான். நான்கு தையல் தலை, ஒவ்வொரு தலைக்கும் பன்னிரண்டு ஊசி என்று ஓடும் அந்தப் பெரிய எந்திரத்தை ஆறு வருடமாக ஓட்டுகிறாள். நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். அண்ணிக்கு விளக்கு தேவையில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாள். "மூணாவது தலை, இருமுது பாரு" என்பாள். போய்ப் பார்த்தால் நூல் இழை பிரிந்து அறுகிற நிலையில் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட அண்ணிக்கு எழுத்து மட்டும் நிற்காது.

"எழுத்தெல்லாம் பஸ்ஸுக்கு வரிசைல நிக்கிற மாதிரி ஒழுங்காத்தான் நிக்குது" என்று ஒருமுறை சொன்னாள். "நான் பாக்க ஆரம்பிச்சா ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு முன்னாடி ஏறுது. நம்பர் அப்படி இல்ல. நம்பரு மரியாதை தெரிஞ்சது, நின்ன இடத்துலயே நிக்கும்."

இத்தனை வருடம் அந்த எண்களை வைத்தே அவள் காலத்தை ஓட்டிவிட்டாள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கிடங்குக் கணினியில், ஒவ்வொரு எண்ணின் பெயரிலும் மூன்று கோப்புகள் இருக்கும். ஒன்று டிசைனர் வரைந்த படம். இன்னொன்று பெரிய எந்திரத்துக்கான தையல் கோப்பு. மூன்றாவது, ஒற்றைத் தலை கொண்ட பழைய சின்ன எந்திரத்துக்கானது. மூன்றுக்கும் எண் ஒன்றே. புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்றெழுத்து வால்தான் வேறு. பெரிய எந்திரத்தின் வாலுக்கும் சின்ன எந்திரத்தின் வாலுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அண்ணிக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு பரீட்சை.

அந்தப் பரீட்சையில் சென்ற மாதம் இரண்டு முறை தவறினாள். முதல் முறை படத்தையே எந்திரத்துக்கு அனுப்பினாள். எந்திரம் கத்திவிட்டு நின்றது, சேதம் இல்லை. இரண்டாவது முறை சின்ன எந்திரத்தின் கோப்பைப் பெரிய எந்திரத்துக்கு அனுப்பிவிட்டாள். அது வேறு மாதிரி விபத்து. எந்திரம் கோப்பை வாங்கிக்கொண்டது, நிற்காமலும் ஓடியது, நிறங்களின் வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டது. ஒரு நீச்சல் பள்ளியின் நாற்பது தொப்பிகளில் தண்ணீர் சிவப்பாகவும் மீன் நீலமாகவும் வந்து சேர்ந்தன.

மேற்பார்வையாளர் ஒரு தொப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படிக்கிற கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கும் மனிதர். சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

"வர்ற மார்ச் பதினாலு, வெள்ளிக்கிழமை, பத்து வேலை நம்பர் சொல்லுவேன்ம்மா. பத்துக்கும் சரியான கோப்ப எடுத்து அனுப்பணும். பத்தும் சரின்னா நீங்களே ஓட்டுங்க. ஒண்ணு தப்பினாலும் திங்கட்கிழமை முதல் நூல் வெட்டுற மேசைக்குப் போயிடுங்க. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

நூல் வெட்டும் மேசை கூடத்தின் கோடியில் இருந்தது. தைத்து முடித்த துணிகளில் தொங்கும் நூல் முனைகளை நாள் முழுதும் கத்தரிக்க வேண்டும். கேவலமான வேலை இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தால் எந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும், அதன் சத்தம் கேட்காது. அன்று அண்ணியும் அவளும் சேர்ந்து வீடு திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணி, "ஆறு வருஷமா அது எங்கிட்டதான் பேசுது" என்றாள்.

நோட்டு அதையும் எழுதிவைத்தாள்.

அண்ணியின் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி உண்டு. ஜன்னல், சுட்டி, படம் எல்லாம் வைத்து ஓட்டினால் அதற்கு மூச்சு வாங்கும். அதனால் அதில் ஒரே ஒரு கறுப்புத் திரைதான் திறக்கும். அந்தத் திரை வழியாகக் கிடங்குக் கணினிக்குள் போக வேண்டும், இரண்டெழுத்துக் கட்டளை அடித்தால் கோப்புப் பட்டியல் வரும், வேண்டியதன் பெயரை அடித்து அனுப்ப வேண்டும். பட்டியல் என்றால் வெறும் எழுத்து. வரி வரியாக எழுத்து.

மாலை வகுப்பில் அதே கறுப்புத் திரையைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே பாடக் குறிப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததை நோட்டு மட்டும் படித்திருந்தாள்: கோப்புகளைச் சின்னச் சின்னப் படங்களோடு பட்டியலிடும் கருவிகளும் உண்டு, விரும்பியவர் போட்டுப் பார்க்கலாம்.

அவள் விரும்பினாள்.

சனிக்கிழமை மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வேலையில் இறங்கினாள். கருவி ஒரே ஒரு கோப்புதான். கணினி முழுமைக்கும் நிறுவ வேண்டியதில்லை. அண்ணியின் சொந்தக் கோப்புறையில் வைத்தால் போதும். கடைக் கணினியில் வெளிச்சாமான் எதுவும் போடக் கூடாது என்று மேற்பார்வையாளரின் அறிவிப்பு சுவரில் ஒட்டியிருந்தது. நோட்டு அதை மூன்று முறை படித்தாள். அறிவிப்பில் விதிவிலக்கு ஒன்றும் இல்லை. சரி, மாட்டினால் மாட்டிக்கொள்ளலாம் என்று போட்டாள்.

பிறகு எழுத்துரு. கருவி சாதாரண எழுத்துருவில் படம் காட்டாது. அதற்கென்று படங்களும் சேர்த்துத் தைத்த எழுத்துரு ஒன்று வேண்டும். அதையும் இறக்கி, உரிய கோப்புறையில் வைத்து, புதுப்பிக்கும் கட்டளையை அடித்து, பட்டியலைக் கேட்டாள்.

ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஒரு காலிக் கட்டம் வந்து நின்றது.

அண்ணி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன இது, எல்லாருக்கும் ஜன்னல் வெச்சுக் குடுத்திருக்க?"

"படம் வரணும் அண்ணி. நாளைக்குச் சரியாயிடும்."

நாளைக்குச் சரியாகவில்லை. நாளை ஞாயிறு என்பதால் சரியாக வழியும் இல்லை. சொன்ன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. திங்கட்கிழமை எழுத்துருவை அழித்து மறுபடி போட்டாள். கட்டம் போகவில்லை. அன்று மாலை வகுப்பு முடிந்ததும் பயிற்றுநரிடம் போய், நோட்டில் வரைந்து வைத்திருந்த கட்டங்களைக் காட்டிக் கேட்டாள்.

பயிற்றுநர் முப்பது வயதுக்காரர். திரையில் நிறம் இருந்தாலே அவருக்குப் பிடிக்காது. கறுப்பில் வெள்ளை, அவ்வளவுதான் உலகம்.

"எதுக்கு இந்த வேலை?"

"பட்டியல்ல படம் வரணும் சார்."

"அதத்தான் கேக்கறேன். படம் பாத்துப் படிக்கிறது ஒண்ணாம் வகுப்புல முடிஞ்சிருக்கணுமே." கிளம்பிக்கொண்டிருந்த நான்கைந்து பேர் நின்று சிரித்தார்கள். "கறுப்புத் திரைக்கு வந்தவங்க எழுத்து படிக்கப் பழகணும். பொம்மை வேணும்னா கடைக்குப் போகணும். எடுத்துடு. வெள்ளிக்கிழமை பயிற்சியில இதெல்லாம் இருந்தா மதிப்பெண் குறையும்."

நோட்டு "சரி சார்" என்றாள். அது சம்மதம் இல்லை. காது கேட்டது என்பதற்கான அடையாளம். படி இறங்கும்போது காது மடல் இன்னும் சூடாக இருந்தது. கூடத்து மாடியில் டிசைனரின் அறையில் இருக்கும் பெரிய கணினியில் எல்லாக் கோப்பும் படத்தோடுதான் தெரிகிறது. பென்சில் படம், தாள் படம், மஞ்சள் உறைப் படம். அதை யாரும் பொம்மை என்று சொல்லிக் கேட்டதில்லை. மாடியில் இருந்தால் வசதி, கீழே இருந்தால் பொம்மையா என்று நோட்டில் எழுதி, கேள்விக்குறியை இரண்டு முறை அழுத்திப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை தற்செயலாகத்தான் விடை கிடைத்தது. கிடங்குக் கணினிக்கென்று படிக்கடியில் தனியாக ஒரு திரை உண்டு. மின்விசிறி சத்தம் போடுகிறதே என்று பார்க்கப் போனவள், அங்கேயே நின்றபடி பட்டியலைக் கேட்டாள். வரிசையாகப் படங்கள் வந்தன. தாள், தாள், தாள், ஒரு மஞ்சள் கோப்புறை. ஒரு கட்டமும் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமையிலிருந்து எந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, கறுப்புத் திரை வழியாகக் கிடங்குக்குள் போய், எழுத்துருவைக் கிடங்கில் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டியலைத் தயாரிப்பது கிடங்கு. ஆனால் அதைத் திரையில் வரைவது அண்ணியின் முன்னால் இருக்கும் கணினி. பாட்டு எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒலிபெருக்கி இந்த அறையில்தானே இருக்க வேண்டும். கறுப்புத் திரை ஒன்றே என்பதால், தான் எந்தக் கணினிக்குள் இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள்.

கிடங்கிலிருந்து வெளியே வந்து, எந்திரக் கணினியிலேயே எழுத்துருவைப் போட்டாள். திரையின் அமைப்பைத் திறந்து, பழைய எழுத்துருவுக்குப் பதில் புதியதைத் தேர்ந்தெடுத்தாள். போட்டால் மட்டும் போதாது, தேர்ந்தெடுக்கவும் வேண்டும் என்று நோட்டில் அடிக்கோடிட்டாள். பட்டியல் வந்தது, படங்களோடு.

ஆனால் எல்லாம் ஒரே படம், வெள்ளைத் தாள். கருவிக்குத் தையல் கோப்புகளின் வாலைத் தெரியாது. எந்த வாலுக்கு எந்தப் படம் என்று அதற்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும்.

புதன்கிழமை மதியம் அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுத்துருவில் இருக்கும் படங்களை ஓடவிட்டாள். ஆயிரக்கணக்கில் இருந்தன.

"பெரிய எந்திரத்துக்கு ஊசி போடலாமா அண்ணி? சின்னதுக்கு நூல்கண்டு மாதிரி ஏதாவது?"

"ஊசியும் நூலும் ரெண்டும் எங்க போனாலும் ஒண்ணாத்தான் சுத்தும். மறுபடி குழம்புவேன்." அண்ணி திரையை விரலால் தட்டினாள். "நில்லு, இது யானையா? இதப் போடு. பெரிய எந்திரம் யானை."

"அப்ப சின்ன எந்திரம்?"

"எலி."

அடுத்த மேசையில் சின்ன எந்திரத்தை ஓட்டுகிறவர் தலையைத் தூக்கினார். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். "ஏன், குதிரை இல்லையா?" என்றார்.

"இருக்கு அண்ணே. குதிரைக்கு ஓடத் தெரியணும்" என்றாள் அண்ணி. அன்றைய நான்கு வார்த்தையில் மூன்று செலவாகிவிட்டதாலோ என்னவோ, அவர் பதில் சொல்லவில்லை.

"டிசைனர் வரைஞ்ச படத்துக்கு?" என்று நோட்டு கேட்டாள். "அத அனுப்பவே கூடாது. கைய வைக்கக் கூடாத படமா வேணும்."

அண்ணி யோசித்தாள். "குடை போடு. என்னைக்காவது நான் குடைய ஞாபகமாத் தொட்டு எடுத்துட்டுப் போயிருக்கேனா?"

நோட்டு குறிப்பை எழுதினாள். ஓர் இடைவெளி கூடிப்போனதில் முதலில் யானை வரவில்லை. எண்ணிப் பார்த்துக் குறைத்ததும் வந்தது. கடைசியாக, பழைய இரண்டெழுத்துக் கட்டளையை அடித்தாலே புதிய கருவி ஓடும்படி மாற்றிவைத்தாள். அண்ணி புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. அடித்தாள். கறுப்புத் திரையில் யானை, எலி, குடை. யானை, எலி, குடை என்று ஊர்வலம் போனது. பக்கத்தில் எண்ணும், வலது ஓரத்தில் ஒவ்வொரு கோப்பின் அளவும்.

"நானூத்திப் பதினேழு, யானை" என்று அண்ணி தொட்டுக் காட்டினாள். "முந்நூத்தி ரெண்டு, யானை. நானூத்தி நாப்பது, யானை." வேகம் கூடியது. ஒன்றும் தப்பவில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். குரலில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. ஆறு வருடக் கோபம்.

அன்று நோட்டு எழுதியது: கருவி கோப்பின் உள்ளே பார்ப்பதில்லை. வாலை மட்டும் பார்த்துப் படம் போடுகிறது. யாராவது வாலைத் தப்பாக எழுதியிருந்தால் படமும் தப்பாக வரும். இதை அண்ணியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் நம்பிக்கை போய்விடுமோ? வெள்ளிக்குப் பிறகு சொல்லலாம்.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். தேநீர்க் கோப்பையோடு நடந்து போனவர் பின்னால் வந்து நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது என்ன, மிருகக்காட்சி சாலையா?"

"பட்டியல் சார்" என்றாள் அண்ணி.

"யாரு போட்டது?"

நோட்டு எழுந்து நின்றாள். "நான்தான் சார். அண்ணியோட சொந்தக் கோப்புறைலதான் இருக்கு. மத்தவங்க திரைல எதுவும் மாறாது. என்னென்ன போட்டேன்னு எழுதி வெச்சிருக்கேன்." நோட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேன். படிக்கலையா?"

"மூணு தடவ படிச்சேன் சார்."

"படிச்சுமா போட்டே?"

"ஆமா சார்."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாய் தேநீர் குடித்தார். "நாளைக்குப் பரீட்சை இதெல்லாம் இல்லாம. வெறும் எழுத்த வெச்சு. படத்தப் பாத்து யாரு வேணா எடுக்கலாம்."

அண்ணி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "சார், உங்க கழுத்துல தொங்குதே, அந்தக் கண்ணாடி. நாளைக்கு நீங்க அதக் கழட்டி வெச்சுட்டு அந்தப் பத்து நம்பரையும் தாளப் பாத்து வாசிங்க. நானும் படத்த எடுத்துடறேன். ரெண்டு பேரும் சமமா எழுதலாம்."

கூடத்தில் யாரோ கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அது வேற, இது வேறம்மா."

"எப்படி வேறன்னு சொல்லுங்க, எடுத்துடறேன்."

அவர் சொல்லப் பார்த்தார். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார். கோப்பையில் மீதி தேநீர் இல்லை. "சரி, இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கலாம், வாயத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை சொன்னாலும் பரீட்சை முடிஞ்சது."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் தாளோடு வந்தார். கூடத்தில் எல்லோரும் வேலை செய்வது போல நின்றார்கள்.

முதல் எண். யானை. சரி. இரண்டாவது, மூன்றாவது. அண்ணி எழுத்தைப் பார்க்கவே இல்லை; எண்ணைப் பிடித்தாள், யானையைப் பிடித்தாள், அனுப்பினாள். எந்திரம் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டியது. ஏழு எண் முடிந்தபோது மேற்பார்வையாளரின் தாளில் ஏழு சரிக்குறி இருந்தன.

"முந்நூத்தி எண்பத்தெட்டு" என்றார் அவர்.

பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக யானை இருந்தது. அண்ணியின் கை விசைப்பலகைக்குப் போய், பாதியில் நின்றது.

நோட்டு திரையைப் பார்த்தாள். யானை சரியாகத்தான் இருக்கிறது, ஏன் நிற்கிறாள் என்று முதலில் புரியவில்லை. பிறகு புதன்கிழமை எழுதிய வரி நினைவுக்கு வந்தது. வாலை மட்டும் பார்த்துப் படம் போடுகிறது. சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னால் பரீட்சை போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டு மேலங்கிப் பையில் நோட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இத அனுப்ப மாட்டேன் சார்" என்றாள் அண்ணி.

"ஏன்? உங்க யானைதானே?"

"யானைதான். ஆனா இவ்வளவு குண்டு யானைய நான் பாத்ததில்ல." வலது ஓரத்தில் இருந்த எண்ணில் விரலை வைத்தாள். "மத்த யானையெல்லாம் நாப்பது, அம்பது. இது அது மாதிரி நூறு மடங்கு இருக்கு. அப்புறம் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு குடை இருக்கும். இதுக்கு யானை இருக்கு, எலி இருக்கு, குடையக் காணோம். யாரோ குடையத் தூக்கி யானை வேஷம் போட்டு நிறுத்தியிருக்காங்க."

"கதை வேண்டாம்மா. அனுப்பறீங்களா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப எட்டாவது தப்புன்னு எழுதட்டுமா?"

"எழுதிக்கோங்க. எந்திரத்துக்கு இத ஊட்ட மாட்டேன். நூல் வெட்டப் போனாலும் போறேன்." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் குறுக்கே குனிந்து, தானே பெயரை அடித்து அனுப்பினார். எந்திரம் ஒரு கணம் யோசித்தது. பிறகு நீளமாகக் கத்தியது. நான்கு தலையிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"காலைல நான்தான் பேர மாத்தினேன்" என்றார். "டிசைனர் இன்னைக்கு லீவு. படமும் சின்ன எந்திரத்துக் கோப்பும்தான் இருந்துச்சு, பெரிய எந்திரத்துக்கான கோப்பு இல்ல. வால மாத்தி எழுதினா அதுவே மாறிடும்னு நினைச்சேன்."

பெயர்ப்பலகையை மாற்றினால் கடை மாறிவிடும் என்று நினைத்திருக்கிறார். நோட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. போன சனிக்கிழமை அவளும் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றைத்தான் செய்தாள்.

மீதி இரண்டு எண்ணையும் அவர் வாசித்தார். அண்ணி எடுத்தாள். தாளில் எட்டாவதற்கும் சரிக்குறி போட்டுவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "இந்த மாசம் ஓட்டுங்க. அப்புறம் பாக்கலாம்."

"பத்தும் சரின்னா நானே ஓட்டலாம்னு சொன்னீங்க. மாசம்னு சொல்லல."

அவர் நின்றார். "சரி. நீங்களே ஓட்டுங்க." இரண்டடி போய்த் திரும்பினார். "அந்த யானைய மட்டும் எடுத்துட்டு, பாக்க மரியாதையா வேற ஏதாவது போடக் கூடாதா? வாடிக்கையாளர் வந்து போற இடம்."

"யானை இருக்கும் சார்" என்றாள் அண்ணி.

இடைவேளையில் நோட்டு ஒப்புக்கொண்டாள். கருவி வாலை மட்டும்தான் பார்க்கும் என்பது புதன்கிழமையே தெரியும், பயந்து சொல்லாமல் விட்டேன் என்றாள்.

அண்ணி டப்பா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "அதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? பேர நம்பி ஏமாந்து ஏமாந்துதான்டி இங்க வந்து நிக்கறேன். படத்த மட்டும் கண்ண மூடிக்கிட்டு நம்பிடுவேனா?" பிறகு, "ஆனா அடுத்த தடவ சொல்லிடு" என்றாள்.

அன்று மாலை வகுப்பில் ஒவ்வொருவரும் தான் அமைத்த திரையைக் காட்ட வேண்டும். கருவியையும் குறிப்பையும் வகுப்புக் கணினியிலும் போட்டிருந்த நோட்டு, தன் முறை வந்ததும் மாதிரிக் கோப்புகளின் பட்டியலைக் கேட்டாள். யானை, எலி, குடை. யாரோ பின்னால் சிரித்தார்கள். பயிற்றுநர் பார்த்தார்.

"எடுக்கச் சொன்னேனே."

"சொன்னீங்க சார். எடுக்கல. இது வேலைக்கு வேணும்."

"மதிப்பெண் குறையும்."

"குறைச்சுக்கோங்க சார்."

அவர் குறைத்தார். அவள் நல்ல நாற்காலியில் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் அடிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி.

அண்ணி பெரிய எந்திரத்திலேயே இருக்கிறாள். என் தவறு ஒன்று: தெரிந்த குறையைச் சொல்லாமல் மறைத்தேன். இன்று சொல்லிவிட்டேன். மதிப்பெண் இருபதுக்குப் பதினான்கு. படங்களை எடுக்கவில்லை.

நாளை: சின்ன எந்திரத்துக்காரர் தன் கணினியிலும் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மதிய இடைவேளையில் அங்கே எழுத்துரு போட வேண்டும். முதலில் கிடங்கிலிருந்து வெளியே வந்திருக்கிறேனா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டபின் தேர்ந்தெடுக்க வேண்டும். குதிரை கேட்பார். எலிதான்.